இன்னும் இரண்டு பேர் வரட்டும்

ஜெயித்ததற்காகத் திட்டு வாங்கிய அனுபவம் எனக்கு ஒரே ஒரு தடவைதான் உண்டு. போக்கரில் லிமிட் ஹோல்டம் மேசை, 4-8 ஆட்டம், நான் பெரிய பிளைண்டில், அதாவது சீட்டு பார்க்குமுன்பே கட்டாயமாகப் பணம் வைக்கிற இடத்தில். கையில் ஸ்பேட் ஏஸும் ஸ்பேட் ஏழும். யாரும் ரெய்ஸ் செய்யவில்லை, அதாவது தொகையை ஏற்றவில்லை. ஐந்து பேர் அதே தொகையைப் போட்டுக் கால் செய்திருந்தார்கள், நான் மேலே எதுவும் போடாமல் சும்மா செக் சொன்னேன். ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறக்கிற முதல் மூன்று சீட்டில், ஸ்பேட் கிங், ஸ்பேட் எட்டு, டைமண்ட் நான்கு. மறுபடியும் செக் சொன்னேன். என் இடப்பக்கத்து ஆள் பெட் கட்டினார். மற்ற நான்கு பேரும் வரிசையாக ஆளுக்கு 4 தூக்கிப் போட்டார்கள். என் முறை வந்ததும் நானும் போட்டேன். நான்காவது சீட்டான டர்ன், எதற்கும் உதவாத ஒரு கிளாவர் இரண்டு. கடைசிச் சீட்டான ரிவரில் ஸ்பேட் ராணி வந்து உட்கார்ந்தாள். ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு, ஃப்ளஷ்.

சிப்புகளை இரண்டு கையாலும் அணைத்து இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் சின்ன பிளைண்டில் இருந்த பெரியவர், சீட்டை முதலிலேயே வீசிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் குனிந்தார்.

"ஜெயிச்சிட்டீங்க தம்பி, சந்தோஷம். ஆனா ஃப்ளாப்ல எவ்வளவு விட்டீங்கன்னு தெரியுமா?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தில் கிண்டல் இல்லை.

"அஞ்சு பேரு ஏற்கனவே போட்டுட்டு உக்காந்திருக்கான். நீங்க ரெய்ஸ் பண்ணியிருந்தா ஒருத்தனாவது எழுந்து போயிருப்பானா?"

"அப்ப எனக்கு ஒண்ணும் அமையலையே சார். வெறும் டிராதானே?"

"அதைத்தான் சொல்றேன்" என்றவர், அடுத்த சீட்டு வந்துவிடவே திரும்பிக்கொண்டார். விளக்கம் எதுவும் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது, திட்டு நியாயமானதுதான் என்று.

மேலே போவதற்கு முன் ஒரு சொல் பற்றி. மேசையின் நடுவில் சேர்கிற பணத்தை ஆடுகிறவர்கள் பாட் என்பார்கள். பேசும்போது சிக்கல் இல்லை. எழுத்தில் வேற்றுமை உருபைச் சேர்த்தால் அது பாட்டில் ஆகிவிடுகிறது, அப்புறம் படிக்கிறவர் வேறு எங்கேயோ போய்விடுகிறார். அதனால் குவியல் என்றே எழுதுகிறேன். மற்றதெல்லாம் மேசையில் சொல்கிறபடியே. டிரா என்றால், இன்னும் அமையாமல் ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கிற கை.

லிமிட் ஆட்டத்தில் எவ்வளவு கட்டுவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 4-8 என்றால், கைச்சீட்டு வந்ததும் ஃப்ளாப் திறந்ததும் பெட் 4, அது சின்ன பெட். டர்னிலும் ரிவரிலும் 8, அது பெரிய பெட். ஏற்றினாலும் அதே அளவுதான் ஏற்றலாம். ஒரு சுற்றுக்கு ஒரு பெட், மூன்று ரெய்ஸ், அதோடு பெரும்பாலான இடங்களில் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குக் கேப் என்று பெயர்.

இதில் நான் ஏன் தப்பு செய்தேன் என்றால், கற்றுக்கொண்டது வேறு ஆட்டத்துக்கு. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் இணையத் தகுதிச் சுற்று வழியாக நுழைந்து உலக போக்கர் தொடரின் முக்கியப் போட்டியை வென்றார். அதற்கப்புறம் ஊர் உலகமெல்லாம், எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம் என்கிற நோ-லிமிட் பக்கம் ஓடியது. போக்கர் பற்றிக் கிடைக்கிற அறிவுரையில் முக்காலே மூணு வீசம் நோ-லிமிட்டுக்காகச் சொன்னதுதான். அங்கே டிரா என்றால் கொஞ்சம் பயந்துதான் ஆக வேண்டும், ஏனென்றால் விலையை எதிராளி வைக்கிறார். குவியலில் 20 இருக்கும்போது அவரும் 20 கட்டிவிட்டு, வேண்டுமானால் வா என்பார். 40-க்காக 20 போட வேண்டும். அடுத்த ஒரே சீட்டில் ஐந்துக்கு ஒரு தடவைகூட வராத ஃப்ளஷுக்கு அது கட்டுப்படியாகாது. லிமிட்டில் அவருக்கு அந்த வசதி கிடையாது. குவியலில் 60 கிடந்தாலும் டர்னில் அவர் கட்ட முடிந்தது 8தான். என்னை விரட்ட வேண்டும் என்று மனசார நினைத்தாலும் அவரால் முடியாது.

சரி, அந்தத் தாளில் போட்ட கணக்கு. ஸ்பேடில் நான்கு கண்ணில் பட்டுவிட்டன, மீதி 9. நான் பார்க்காத சீட்டு 47. டர்னிலேயே வருவதற்கு 47-க்கு 9. டர்ன், ரிவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 100-க்கு 35 தடவை வரும். இந்த 35-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளாப்பில் நானும் இன்னொருவரும் மட்டும் இருக்கிறோம், நான் ரெய்ஸ் செய்கிறேன், அவரும் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதே நிலைமை 100 தடவை நடந்தால் என் பங்காக 100 பெட் கூடுதலாகப் போகிறது, அவருடையது 100. ஆக 200. நான் எடுப்பது 35 தடவை, அதாவது 70. என் 100-இல் 30 போச்சு. மூன்று பேர் இருந்தால் 35 தடவையும் தடவைக்கு மூன்று வீதம் 105. போட்டது வந்தது, காபிக்கும் காணாத லாபம். நான்கு பேர் என்றால் 140. அன்றைக்கு நாங்கள் ஆறு பேர். 100 போட்டால் 210. நான் போடும் ஒவ்வொரு பெட்டுக்கும் இரண்டுக்கு மேல் திரும்பும், அதுவும் கையில் ஒரு ஜோடிகூட இல்லாதபோது!

இது அப்படியே நூற்றுக்கு நூறு உண்மை இல்லை. ரெய்ஸுக்குப் பிறகு ஓரிருவர் ஓடலாம். ஃப்ளஷ் அமைந்தும் சில தடவை ஃபுல் ஹவுஸிடம், அதாவது ஒரே எண்ணில் மூன்றும் இன்னொன்றில் ஜோடியும் வைத்திருப்பவரிடம், தோற்கலாம். அதற்கு ஈடாக ஃப்ளஷ் வராமல் ஏஸ் ஜோடி வந்து ஜெயிக்கிற நாளும் உண்டு. கூட்டிக் கழித்தாலும் கணக்கின் முகம் மாறாது.

இந்த ஒரு கணக்கு எனக்குள் ஒரு பழக்கத்தையே தலைகீழாக்கியது. அதுவரை மேசையில் யார் கால் செய்தாலும் எரிச்சல்தான். எல்லோரும் போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். கையில் ஏஸ் ஜோடி இருப்பவர் அப்படித்தான் நினைக்க வேண்டும், ஒவ்வோர் ஆளும் அவரைக் கவிழ்க்க வந்த ஆள். டிரா வைத்திருப்பவனுக்கு அது நேர் எதிர். நான் ஜெயிப்பது என் சீட்டு வருகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது, எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அல்ல. அப்படியானால் கூட்டம் சேரச் சேர என் பந்திக்குத்தான் ஆள் சேர்கிறது. இப்போதெல்லாம் நல்ல ஃப்ளஷ் டிரா கையில் இருக்கும்போது, எனக்குப் பின்னால் இருப்பவர் சீட்டைத் தூக்கி எறியப் போகிற மாதிரிக் கையை அசைத்தால், இருங்கள் இருங்கள் என்று மனசுக்குள் கெஞ்சுகிறேன்.

கூட்டம் வேண்டும் என்று முடிவாகிவிட்டால் அடுத்த கேள்வி, யார் பெட் கட்டுகிறார், அவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பது. எல்லோரும் பட்டனுக்கு, அதாவது சுற்றில் கடைசியாக முடிவு சொல்கிற இடத்துக்கு, பக்கமா தூரமா என்றுதான் பார்ப்பார்கள். டிராவில் அதைவிட முக்கியம், பெட் கட்டியவருக்கும் எனக்கும் நடுவில் எத்தனை பேர் என்பது. அன்றைய கையில் பெட் கட்டியவர் எனக்கு நேர் இடப்பக்கம். ஆட்டம் இடது பக்கமாகச் சுற்றி வருவதால், அவர் கட்டியதும் மேசையில் இருந்த அத்தனை பேரும் பதில் சொல்லி முடித்த பிறகுதான் என்னிடம் வருகிறது. அப்போது நான் ஏற்றினால் அவர்கள் ஏற்கனவே 4 போட்டவர்கள், இன்னும் 4தானே என்று போட்டுவிடுவார்கள். ஒரு காலை ஆற்றில் வைத்தவர் மறு காலையும் வைப்பார். ஆனால் பெட் கட்டியவர் எனக்கு நேர் வலப்பக்கம் இருந்து நான் உடனே ஏற்றினேன் என்றால், எனக்குப் பின்னால் இருப்பவர்கள் ஒரேயடியாக 8 போட வேண்டும். பாதிப் பேர் சீட்டை வீசிவிடுவார்கள். யாரை வரவேற்க வேண்டுமோ அவர்களை நானே வாசலில் நின்று துரத்துகிறேன். அப்படிப்பட்ட இடத்தில் பேசாமல் கால் செய்வதுதான் சரி. அதே இடத்தில் கையில் கிங் ஜோடி இருந்தால் கண்டிப்பாக ஏற்ற வேண்டும். ஒரே நாற்காலி, ஒரே பெட், இரண்டு கைக்கு இரண்டு பதில்.

டர்னில் இதே டிரா இளைத்துப்போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃப்ளாப்பில் 35 என்று தெம்பாக இருந்தது, டர்ன் தவறியதும் 46-க்கு 9, நூற்றுக்கு 20-க்குக் கொஞ்சம் கீழே வந்துவிடும். ஐந்து பேர் இருந்தால்கூட ரெய்ஸில் கைக்கு ஒட்டாது. பெட்டும் இரண்டு மடங்கு. ஃப்ளாப்பில் சிங்கமாக இருந்துவிட்டு டர்னில் பூனையாகிவிடுவது வெட்கமில்லை. கால் செய்ய மட்டும் தயங்க வேண்டாம். குவியலில் நான்கு பெரிய பெட்டுக்குச் சற்று மேல் இருந்தால் போதும், கூட்டம் இருந்த ஆட்டத்தில் அது இல்லாமல் போகாது.

ஆள் குறைவாக இருக்கும்போது கதை வேறு. எனக்கெதிரே ஒருவர்தான், பட்டனில் நான், அவர் ஃப்ளாப்பில் பெட் கட்டுகிறார். மேலே சொன்ன கணக்குப்படி ரெய்ஸ் நஷ்டம். ஆனாலும் ஏற்றுவேன். இரண்டு காரணம். ஒன்று, அவர் பயந்து போய்விடலாம். போகாவிட்டாலும் எனக்குச் சீட்டு வரலாம். போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி இதற்கு செமி-பிளஃப் என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. இரண்டாவது காரணம்தான் நேரடி மேசையில் அதிகம் உதவுகிறது. ஃப்ளாப்பில் ஏற்றியவருக்கு டர்னில் மரியாதையாகச் செக் சொல்வது ரொம்பப் பேரின் பழக்கம். அவர் செக் சொன்னால் நானும் செக் சொல்லி ரிவரை ஓசியில் பார்த்துவிடலாம். ஃப்ளாப்பில் கூடுதலாக 4 கொடுத்து, டர்னில் 8-ஐ மிச்சம் பிடிக்கிற வேலை. சீட்டு டர்னிலேயே வந்துவிட்டால் செக் எதற்கு, கட்ட வேண்டியதுதான். விவரமான ஆட்களிடம் இது பலிக்காது, ஃப்ளாப்பிலேயே திருப்பி ஏற்றிவிடுவார்கள். 4 மிச்சம் பிடிக்கப் போய் 8 கொடுத்த நாட்கள் எனக்கு நிறைய. யாரிடம் செய்கிறோம் என்று பார்த்துச் செய்ய வேண்டிய காரியம்.

உள்சீட்டுக்குக் காத்திருப்பதைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது, ஏனென்றால் என் பணம் அதிகம் போனது அங்கேதான். ரம்மி ஆடியவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் திறந்த வரிசைக்கும் நடுவில் ஓட்டை விழுந்த வரிசைக்கும் உள்ள வித்தியாசம். போக்கரில் முதலாவதற்கு 8 சீட்டு உதவும், இரண்டாவதற்கு 4. அந்த 4 சீட்டை நம்பி ஃப்ளாப்பில் கால் செய்ய வேண்டுமானால் குவியலில் நான் போடுவதைப் போல 10.75 மடங்கு இருக்க வேண்டும். 'இருக்குமா இவ்வளவு?' என்று கேட்பவர்கள் நேரடி லிமிட் மேசையைப் பார்த்ததில்லை.

ஒரு கை ஞாபகம் இருக்கிறது. ஸ்பேட் ஜாக்கும் பத்தும் என்னிடம். ஒருவர் ரெய்ஸ் செய்தும் ஆறு பேர் உள்ளே வந்துவிட்டோம். ஆளுக்கு இரண்டு சின்ன பெட், மொத்தம் 12. ஃப்ளாப் கிளாவர் ஏஸ், டைமண்ட் கிங், ஆட்டின் (ஹார்ட்) நான்கு. ராணி ஒன்று வந்தால் மேசையிலேயே பெரிய ஸ்ட்ரெய்ட், அதாவது ஐந்து சீட்டு வரிசை. ஒருவர் பெட், இருவர் கால், மற்றவர்கள் வீசிவிட்டார்கள், கடைசியில் நான். விரலை மேசைக்கடியில் மடக்கி எண்ணினேன். 12-உம் 3-உம் 15. போட வேண்டியது 1. தேவை 10.75, கிடைப்பது 15. யோசனையே வேண்டாம், போட்டேன். டர்ன் ஏழு. இப்போது பெட் இரட்டிப்பு, அதனால் 16 சின்ன பெட்டை 8 பெரிய பெட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் கட்டினார், ஒருவர் கால், ஒருவர் போனார். 10 பெரிய பெட். தேவை 10.5. அரை பெட் இடிக்கிறது, போதாக்குறைக்கு மேசைக்காரர் எடுத்துக்கொள்ளும் கழிவு வேறு. ஆனால் ராணி வந்தால் ரிவரில் இந்த இருவரில் ஒருவராவது எனக்கு இன்னொரு 8 தராமல் போக மாட்டார். ஏஸ் வைத்திருப்பவருக்கு வீச மனசு வராது. போட்டேன். ரிவர் ஐந்து. சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அதே மாதிரி இன்னொரு கை. ஜாக்கும் பத்தும், ஃப்ளாப்பில் ஏஸும் கிங்கும். இந்தத் தடவை யாரும் முதலில் ரெய்ஸ் செய்யவில்லை, நான்கே பேர். ஒருவர் பெட், எனக்கு முன்னால் வேறு யாரும் போடவில்லை. குவியலில் 5, போட வேண்டியது 1. வீசினேன். பக்கத்தில் இருந்தவர், முதல் கையில் நான் தோற்றதைப் பார்த்தவர், சூடு கண்ட பூனை என்று நினைத்திருப்பார். முதல் கை தோற்றதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சீட்டு அதே சீட்டு, குவியல்தான் வேறு.

எண்ணுவதைப் பற்றி ஒரு சின்ன விஷயம். சிப்பை எண்ணாதீர்கள், பெட்டை எண்ணுங்கள். குவிந்து கிடக்கிற சிப்பைக் கண்ணால் அளக்க யாராலும் முடியாது. முதல் சுற்றில் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை பெட் என்று கூட்டிக்கொண்டே வந்து டர்னில் பாதியாக்கினால் போதும். நேரடி மேசையில் மணிக்கு முப்பது கைதான் ஓடும், நேரத்துக்கா பஞ்சம்? நீங்கள் ஆடாத கைகளிலும் எண்ணிப் பழகினால் இரண்டே நாளில் உதடு அசையாமல் வந்துவிடும். எனக்கு உதடு அசைவது நிற்க இரண்டு மாதம் ஆனது, அது வேறு விஷயம்.

இவ்வளவு நேரம் கூட்டத்துக்கு வக்காலத்து வாங்கினேன். கூட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதைப் பார்த்தும் நான் பாடம் படிக்கச் சில வருடங்கள் ஆனது. ஆறு பேர் உள்ளே இருக்கும்போது ஸ்பேட் ஏஸ் என்னிடம் இருந்தால் கொண்டாட்டம். ஸ்பேட் ஆறும் ஐந்தும் இருந்தால்? இன்னொருவரிடமும் இரண்டு ஸ்பேட் இருக்க வாய்ப்பு அதிகம், அது என்னுடையதைவிடப் பெரியதாக இருக்க இன்னும் அதிகம். அப்போது சீட்டு வராமல் போனால் தப்பித்தேன், வந்தால்தான் ஆபத்து. திறந்த ஸ்ட்ரெய்ட் டிராவிலும் இப்படி ஒரு கண்ணி. மேசையில் ஒரே சின்னத்தில் இரண்டு சீட்டு கிடந்தால் என் 8 சீட்டில் 2 யாருக்கோ ஃப்ளஷ் கொடுத்துவிடும். மிச்சம் 6. மேசையில் ஏழு, எட்டு, ஒன்பது கிடக்க, என் ஆறை வைத்துக் கீழ்முனையில் ஸ்ட்ரெய்ட் கட்டுவது அதைவிட மோசம். ஜாக்கும் பத்தும் வைத்திருப்பவர் எதிரில் எப்போதும் இருப்பார், இல்லாத நாளில் நானே அவருக்கு நாற்காலி போட்டிருக்கிறேன் போலிருக்கும்.

இந்த வகையில் என் பெரிய அடி ஆட்டின் ஒன்பது-எட்டில் விழுந்தது. ஃப்ளாப்பில் ஆட்டின் ராணி, கிளாவர் ராணி, ஆட்டின் ஐந்து. நான்கு பேர். ஒருவர் கட்டினார், அடுத்தவர் ஏற்றினார். ராணி இரண்டு கிடக்கும் மேசையில் இருவர் அடித்துக்கொள்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம் என்று என் மூளைக்குத் தெரியும், கை கேட்கவில்லை. இரண்டு பெட்டையும் சேர்த்துப் போட்டேன். டர்னில் ஆட்டின் மூன்று. ஃப்ளஷ்! நான் கட்ட, அவர் ஏற்ற, நான் ஏற்ற, அவர் ஏற்ற, கேப். ரிவரில் ஏதோ ஒன்று. அவர் கட்ட, நான் கால். அவர் ராணியையும் ஐந்தையும் மெதுவாக, ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். ஃப்ளாப்பிலேயே ஃபுல் ஹவுஸ். நான் எதிர்பார்த்த ஆட்டின் வருவதற்கு முன்பே அந்த டிரா செத்துப்போயிருந்தது, பிணத்துக்குத்தான் அலங்காரம் செய்துகொண்டிருந்தேன். ஆறு பெரிய பெட். அன்றிலிருந்து மேசையில் ஜோடி விழுந்து, பெட்டும் ரெய்ஸும் என்னிடம் வந்து சேர்ந்தால், ஏஸ் ஃப்ளஷ் டிராவைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் வீசிய நாட்கள் உண்டு. அதில் சில தப்பாகவும் இருந்திருக்கும், பரவாயில்லை.

கைச்சீட்டுத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம் வந்த பிறகு வாருங்கள். முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் யார் வருவார்கள், யார் ஏற்றுவார்கள் என்று தெரியாமல் எட்டு-ஏழை இறக்கக்கூடாது. ஒரே சின்னமாக இருக்கிறதே என்று மயங்கவும் வேண்டாம். ஒரே சின்னச் சீட்டு இரண்டு வந்தால் ஃப்ளாப்பில் ஃப்ளஷ் டிரா கிடைப்பதே ஒன்பது தடவைக்கு ஒரு தடவைதான். முழு ஃப்ளஷ் ஃப்ளாப்பிலேயே அமைவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. சின்ன ஜோடிக்கும் இதே கதை, மூன்றாவது சீட்டு ஃப்ளாப்பில் விழுவது எட்டு ஒன்பது தடவைக்கு ஒன்று. ஐந்து பேர் உள்ளே இருந்தால் பார்க்கலாம்.

ரிவரில் சீட்டு வராதபோது என்ன செய்வது? பெரும்பாலும் ஒன்றுமே செய்யக்கூடாது. காகிதத்தில் பார்த்தால் பிளஃப், அதாவது கையில் ஒன்றுமில்லாமல் கட்டி விரட்டப் பார்ப்பது, மலிவு. குவியலில் 9 பெரிய பெட் கிடக்கும்போது 1 கட்டிப் பார்க்கிறேன், பத்துக்கு ஒரு தடவை எல்லோரும் ஓடினால் போட்டதுக்குப் பழுதில்லை. ஆனால் எதிரே இருப்பவருக்கும் அதே சலுகை விலைதான். 10-க்காக 1 போட்டு என் முகத்திரையை விலக்கிப் பார்க்க அவர் ஏன் யோசிக்க வேண்டும்? மூன்று பேர் இருந்தால் ஒருவராவது பார்த்துவிடுவார். எதிரே ஒரே ஆள், அவரும் சீட்டுக்குக் காத்திருந்து ஏமாந்தவர் என்று தெரிந்தால் மட்டும் கட்டுவேன். என்னிடம் இருக்கிற பெரிய சீட்டே ஓர் எட்டு, அவரிடம் ஜாக். கட்டாமல் காட்டினால் அவருக்கு, கட்டினால் எனக்கு.

அவர் காத்திருந்தாரா என்று எப்படித் தெரியும்? நேரடி ஆட்டத்தில் கொஞ்சம் தெரியும். மூன்றாவது ஆட்டின் மேசையில் விழுந்ததும் ஒருவர் தன் கைச்சீட்டின் ஓரத்தைத் தூக்கி மறுபடி பார்க்கிறார் என்றால், பெரும்பாலும் அவரிடம் ஃப்ளஷ் இல்லை. இரண்டு ஆட்டின் வைத்திருப்பவருக்கு அது மறந்தால்தானே பார்ப்பதற்கு? ஒரு கறுப்பும் ஒரு சிவப்பும் வைத்திருப்பவருக்குத்தான், அந்தச் சிவப்பு எது என்று சந்தேகம் வரும். இதை நம்பி வீட்டை அடகு வைக்க வேண்டாம், ஒரு 8-ஐ வைக்கலாம்.

நேரடி மேசையில் இன்னொரு கஷ்டம் மனசுக்கு. மூன்றில் ஏறக்குறைய இரண்டு தடவை ஃப்ளஷ் டிரா தவறும். தொடர்ந்து பத்து தவறுவது எழுபது எண்பது தடவைக்கு ஒன்று நடக்கக்கூடியதுதான். மணிக்கு முப்பது கை வேகத்தில் அந்தப் பத்தைப் பார்த்து முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். மூன்று நாளும் வீட்டுக்கு வெறுங்கையோடு போக வேண்டும். நடுவில் யாராவது ஏஸ் ஜோடியோடு ஆறு தடவை உங்களிடம் ஜெயித்துவிட்டு, ஏழாவது தடவை ரிவரில் தோற்றதும், "இதுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்பார். ஆரம்பத்தில் நான் கணக்குச் சொல்லி விளக்கியிருக்கிறேன், என்ன ஒரு முட்டாள்தனம். இப்போது "அதிர்ஷ்டம்தான் சார்" என்று சொல்லிவிட்டு அடுக்க ஆரம்பித்துவிடுவேன்.

2015 ஜனவரியில் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங்கின் குழு, இருவர் ஆடும் லிமிட் ஹோல்டமைக் கணினி வைத்து நடைமுறையில் தீர்த்துவிட்டதாக அறிவித்தது. செஃபியஸ் என்று அந்த நிரலுக்குப் பெயர். ஆயுள் முழுக்க ஆடினாலும் அதை மிஞ்சினோம் என்று நிரூபிக்க முடியாத அளவுக்கு அது நெருங்கிவிட்டது. நண்பர் ஒருவர் அந்தச் செய்தியை அனுப்பி, இனி உன் ஆட்டம் அவ்வளவுதான் என்று எழுதியிருந்தார். இருவர் ஆட்டம் வேறு, ஏழு பேர் காலை ஆற்றில் வைத்துக்கொண்டு நிற்கிற எங்கள் மேசை வேறு. அது இன்னும் யாராலும் தீர்க்கப்படாமல், சத்தமும் குழப்பமுமாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தப் பெரியவரோடு அப்புறம் எத்தனையோ நாள் ஆடினேன். ஃப்ளாப் திறந்தாலே பெட் கட்டிவிடுகிறவர் அவர், கையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். ஒரு நாள் அவருடைய வலப்பக்கத்து நாற்காலி காலியானது. டீலரிடம் சொல்லிவிட்டு சிப்புகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அவர் எனக்கு நேர் இடப்பக்கம். நான் செக் சொன்னதும் அவர் கட்டுவார், மேசையே கால் செய்யும், அப்புறம் என் முறை வரும்.

சிப்புகளை நான் அடுக்கி முடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன தம்பி, எனக்கு வலப்பக்கம் வந்துட்டீங்க?"

"அங்க காத்து வரல சார்."

சிரித்தார். அன்று முழுக்க, நான் செக் சொன்ன ஒவ்வொரு தடவையும், அவரும் மேசையை இரண்டு விரலால் தட்டி செக் சொல்லிக்கொண்டே இருந்தார்.